புறா ஆசனம்: முட்டியைக் கெடுத்துக்கொள்ளாமல் இடுப்பு மூட்டைத் தளர்த்துவது எப்படி?

ஒரு காலை முன்னால் மடக்கி, மறு காலைப் பின்னால் நீட்டித் தரையில் அமரும் நிலையை யோகா வகுப்புகளில் புறா ஆசனம் என்று அழைக்கிறோம். ஏகபாத ராஜகபோதாசனத்தின் தொடக்க நிலை இது. வடசென்னையின் தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பகுதி மொட்டை மாடிகளில் காலை நேரத்தில் இதைக் கற்றுக்கொடுத்துவரும் அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும்: இந்த ஆசனத்தால் துன்பப்பட்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வலிப்பது இடுப்பு அல்ல, முட்டி. கைபேசியில் காணொளியைப் பார்த்துவிட்டு, இடையில் உள்ள படிகள் எதையும் செய்யாமல் நேராக இறுதி நிலைக்குப் போனதே அதற்குக் காரணமாக இருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசைக்கே முதலிடம் கொடுத்திருக்கிறேன்.

1. எங்கே இழுக்க வேண்டும், எங்கே இழுக்கவே கூடாது

இடுப்பு மூட்டு என்றதும் பலர் கையை வைத்துக் காட்டுவது இடுப்பின் பக்கவாட்டு எலும்பை. உண்மையில் மூட்டு இருப்பது தொடையும் உடலும் சேரும் மடிப்பின் நடுவே, உள்ளே ஆழத்தில். அது பந்துகிண்ண மூட்டு. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசையும், உள்ளும் வெளியும் திரும்பும். முட்டி அப்படிப்பட்டதல்ல. அது முக்கியமாக மடங்கி நீளும் கீல் மூட்டு. மடங்கியிருக்கும்போது சிறிதளவு திரும்பும், அவ்வளவுதான்.

புறா ஆசனத்தில் முன்கால் வெளிப்புறமாகத் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் முழுவதும் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பிட்டத்தின் உள்ளே இருக்கும் தசைகள் இறுகியிருந்தால் தொடை எலும்பு திரும்பாது; ஆனால் உடல் எடை கீழே அழுத்திக்கொண்டிருப்பதால், குறைபடும் திருப்பத்தை முட்டி ஈடுகட்ட முயலும். முட்டி ஜவ்வு பாதிக்கப்படும் வழி இதுதான்.

எனவே உணர்ச்சி எந்த இடத்தில் தோன்றுகிறது என்பதைத் தொடக்கம் முதலே கவனிக்கப் பழக வேண்டும். முன்கால் பக்கத்துப் பிட்டத்தின் சதைப்பகுதியிலும் பின்கால் தொடையின் முன்பக்கத்திலும் பரவலான, மந்தமான இழுப்பு இருப்பது சரி. முட்டியில் எந்த உணர்ச்சியும் இருக்கக் கூடாது. லேசாகத்தானே இருக்கிறது என்று அதைப் பொறுத்துக்கொள்வதும் கூடாது. தொடையிடுக்கின் முன்பக்கத்தில் கிள்ளுவது போன்ற வலி வந்தால், அது பெரும்பாலும் தசை இழுப்பு அல்ல, எலும்பின் விளிம்புகள் நெருங்கி இடையிலுள்ள திசுவை நசுக்குவதன் அறிகுறி. எவ்வளவு பயிற்சி செய்தாலும் அது தளராது. பிட்டத்திலிருந்து காலின் பின்புறமாக மின்சாரம் பாய்வது போலவோ மரத்துப்போவது போலவோ இருந்தால் சயாட்டிக் நரம்பு அழுத்தப்படுகிறது என்று எடுத்துக்கொண்டு, உடனே நிலையிலிருந்து வெளிவந்துவிட வேண்டும்.

2. முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவர்கள்

இடுப்பு மூட்டு அல்லது முட்டி மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், முட்டி ஜவ்வில் கிழிசல் உள்ளவர்கள், முதுகுத் தட்டு விலகி காலுக்கு வலி இறங்குகிறவர்கள், எலும்புத் தேய்மானம் அதிகமாக உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் தரையில் செய்யும் நிலைக்குப் போகக் கூடாது. ராயபுரம் பகுதியில் இருப்பவர்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் மூட்டு நார்கள் இயல்பாகவே தளர்ந்திருக்கும். இழுப்பு குறைவாகத் தெரிவதால் எல்லையைத் தாண்டிப் போய்விடும் வாய்ப்பு உண்டு. அவர்கள் இந்தப் பயிற்சியைத் தாமாகத் தொடங்க வேண்டாம்.

தரையில் உட்கார்ந்து எழவே சிரமப்படுகிறவர்களுக்கு ஐந்தாம் பகுதியின் இறுதியில் நாற்காலி முறை ஒன்றைத் தந்திருக்கிறேன். அதை மட்டும் செய்தாலும் நல்ல பயன் கிடைக்கும்.

3. இடம், பொருள், நேரம்

நம் பகுதி வீடுகளில் தனி அறை கிடைப்பது அரிது. ஒரு ஆள் கை கால் நீட்டிப் படுக்கும் இடம் இருந்தால் போதும். மொட்டை மாடியில் செய்வதானால், மார்கழி, தை மாத விடியலில் தரை பனி ஈரத்தில் வழுக்கும். கோடையில் காலை ஏழு, ஏழரை மணிக்கே தட்டோடு சூடேறத் தொடங்கிவிடும். முன்கால் ஒரு பக்கமும் பின்கால் ஒரு பக்கமும் இருக்கும்போது தரை வழுக்கினால், தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. மொசைக் தரையில் பிளாஸ்டிக் பாயை விரித்துச் செய்வதும் இதே காரணத்தால் ஆபத்து. யோகா மேட் இல்லையென்றால் ஜமுக்காளத்தை விரித்து, அதன் ஒரு முனையைச் சுவரோடு சேர்த்து வையுங்கள்.

தேவையான பொருட்கள் எல்லாம் வீட்டிலேயே இருக்கும். கெட்டியான போர்வைகள் இரண்டு, ஒரு நீளமான துண்டு, தலையணை ஒன்று, கைகளை ஊன்ற உயரமான பொருட்கள் இரண்டு. உட்காரும் மணை இருந்தால் அது சிறப்பு; இல்லையென்றால் ஒரே தடிமன் உள்ள பழைய புத்தகங்களை இரண்டு கட்டுகளாகக் கட்டிக்கொள்ளலாம். போர்வையைச் சுருட்டாமல் தட்டையாக மடிக்க வேண்டும், ஏனென்றால் சுருட்டிய போர்வை எடை விழுந்ததும் உருண்டு உடலை ஒரு பக்கம் தள்ளிவிடும். மென்மையான பஞ்சுத் தலையணையைப் பிட்டத்துக்கு அடியில் வைப்பதும் பயன்படாது. உட்கார்ந்ததும் அமுங்கி, கொடுத்த உயரம் இல்லாமல் போய்விடும்.

புடவையிலோ நைட்டியிலோ பின்காலைச் சரியாக நீட்ட முடியாது. முட்டிக்கடியில் துணி மாட்டி இழுக்கும். டிராக் பேன்ட்டோ தளர்வான சுடிதார் பேன்ட்டோ போதும். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். காலையில் தசைகள் இறுக்கமாக இருப்பதால் உடலைச் சூடேற்ற அதிக நேரம் வேண்டும். மாலையில் வேலை முடிந்து வருகிறவர்களுக்கு அது சற்றுக் குறையும்.

4. உடலைச் சூடேற்றுதல்

குளிர்ந்திருக்கும் தசையை இழுத்தால் அது எதிர்த்து இறுகும். அதனால் ஐந்து முதல் பத்து நிமிடம் உடலை அசைத்துச் சூடேற்றிய பிறகே எந்த இழுப்புப் பயிற்சியையும் தொடங்க வேண்டும். நின்ற இடத்திலேயே முட்டிகளை உயர்த்தி நடப்பது, மாடிப்படி இரண்டு முறை ஏறி இறங்குவது, எதுவானாலும் சரி, லேசாக வியர்க்க வேண்டும்.

பிறகு கைகளையும் முட்டிகளையும் தரையில் ஊன்றிப் பூனை நிலைக்கு வாருங்கள். மூச்சை இழுக்கும்போது முதுகைக் கீழே இறக்கியும் விடும்போது மேலே வளைத்தும் எட்டு முறை செய்யுங்கள். அதே நிலையில் ஒரு முட்டியைத் தரையிலிருந்து தூக்கி, பக்கவாட்டில் மெதுவாக வட்டமிடுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஆறு வட்டம். முதுகு ஆடாமல் தொடை மட்டும் சுழல வேண்டும். அசைவு இடுப்பு மூட்டிலிருந்து வருவது எப்படி இருக்கும் என்பதை உடலுக்கு அறிமுகப்படுத்துவதே இதன் நோக்கம்.

5. மல்லாந்து படுத்துச் செய்யும் நிலை

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பார்வைக்குச் சாதாரணமாகத் தெரிவதால் இது வயதானவர்களுக்கானது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஆனால் புறா ஆசனத்தின் முன்கால் வேலை முழுவதும் இதில் இருக்கிறது. ஒரே வேறுபாடு, உடல் எடை முட்டியின் மேல் விழுவதில்லை. இழுப்பின் அளவு உங்கள் கைகளில் இருக்கிறது.

மல்லாந்து படுத்து, முட்டிகளை மடக்கிப் பாதங்களைத் தரையில் வையுங்கள். வலது கணுக்காலை இடது தொடையின் மேல், முட்டிக்குச் சற்று மேலே குறுக்காக வையுங்கள். கணுக்கால் எலும்பு தொடையைத் தாண்டி வெளியே இருக்க வேண்டும். எலும்பு தொடையில் குத்தினால் பாதம் தானாக வளைந்துவிடும். அடுத்து வலது கால்விரல்களை முட்டியை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். இப்படிப் பிடிக்கும்போது முழங்காலின் கீழ்ப்பகுதித் தசைகள் வேலை செய்து, கணுக்காலும் முட்டியும் முறுக்கிக்கொள்ளாமல் நிலையாக நிற்கின்றன. பயிற்சி முடியும்வரை இந்தப் பிடியைத் தளர்த்தக் கூடாது.

இந்த அளவிலேயே பிட்டத்தில் இழுப்புத் தெரிந்தால் இங்கேயே இருங்கள். தெரியவில்லையென்றால் இடது பாதத்தைத் தரையிலிருந்து எடுத்து, இடது தொடையின் பின்புறத்தை இரு கைகளாலும் பிடித்து மார்பை நோக்கிக் கொண்டுவாருங்கள். கை எட்டாதவர்கள் தொடைக்குப் பின்னால் துண்டைப் போட்டு அதன் முனைகளைப் பிடிக்கலாம். எட்டிப் பிடிப்பதற்காகத் தலையைத் தூக்கினால் கழுத்து இறுகும். வால் எலும்பு தரையை விட்டு எழும்பினால் இழுப்பு இடுப்பை விட்டுக் கீழ்முதுகுக்குப் போய்விடும். இரண்டுமே கூடாது. முப்பது விநாடியில் தொடங்கி, சில வாரங்களில் ஒரு நிமிடம் வரை கூட்டுங்கள். பிறகு மறுபக்கம்.

இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. எம்.சி. ரோடு பக்கம் தையல் வேலை செய்யும் ஒரு அக்கா, நாள் முழுவதும் வலது பாதத்தால் மோட்டார் மெஷினை மிதித்துவந்தார். இடது பக்கம் அவருக்குச் சுலபமாக வந்தது. வலது கணுக்காலைத் தொடைமேல் வைத்தவுடனேயே வலது முட்டி மேலே எழும்பி முகத்துக்கு எதிரே நின்றது. அந்த முட்டியைக் கையால் கீழே அழுத்த வேண்டாம் என்று சொல்லி, இறுகிய வலது பக்கத்தை முதலில் ஒரு முறையும் கடைசியில் இன்னொரு முறையும் செய்யச் சொன்னேன். பக்கங்களுக்கிடையே வேறுபாடு உள்ள எவருக்கும் இந்த வரிசையே பொருந்தும்.

அடுத்த கட்டத்துக்குப் போகலாமா என்பதை இங்கேயே சோதித்துக்கொள்ளலாம். நிலையில் ஒரு நிமிடம் இருக்கும்போது மூச்சு சீராக ஓடுகிறதா? முட்டியில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் இருக்கிறதா? மறுநாள் காலை எழும்போது முட்டியோ தொடையிடுக்கோ வலிக்காமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால் தரைக்குப் போகலாம். இல்லையென்றால் இதிலேயே தொடருங்கள். மாதக்கணக்கில் இதிலேயே இருப்பதிலும் எந்தக் குறையும் இல்லை.

நாற்காலி முறை: கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, அதன் முன்பாதியில் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு கணுக்காலை மறு தொடையின் மேல் வைத்து, விரல்களை முட்டியை நோக்கி இழுத்துப் பிடித்து, முதுகு வளையாமல் நெஞ்சைச் சற்று முன்னால் கொண்டுசெல்லுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் வழுக்கி விரியும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

6. பின்காலைத் தயார்செய்தல்

புறா ஆசனத்தில் பாதி வேலை பின்காலுக்கு. துறைமுகத்துக்கும் மணலிக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கடையில் உட்கார்ந்தே இருப்பவர்கள் ஆகியோருக்குத் தொடையின் முன்பக்கத் தசைகள் மணிக்கணக்கில் சுருங்கிய நிலையிலேயே இருக்கின்றன. அவை நீளாதபோது பின்காலை நீட்டினால், இடுப்பெலும்பு முன்னால் கவிழ்ந்து கீழ்முதுகு அளவுக்கு மேல் வளையும்.

பூனை நிலையிலிருந்து வலது பாதத்தைக் கைகளுக்கு நடுவே கொண்டுவந்து வையுங்கள். இடது முட்டிக்கு அடியில் மடித்த போர்வை இருக்கட்டும். எடை முட்டிச் சில்லின் மேல் விழாமல் அதற்குச் சற்று மேலே தொடைப் பக்கத்தில் விழ வேண்டும். கைகளை வலது தொடையில் ஊன்றி நிமிர்ந்து, முதலில் அடிவயிற்றை லேசாக உள்ளிழுத்து வால் எலும்பைக் கீழ்நோக்கி இறக்குங்கள். அதற்குப் பிறகுதான் உடலை முன்னால் நகர்த்த வேண்டும். வரிசை மாறினால் முதுகுதான் வளையும், தொடை நீளாது. சரியாகச் செய்தால் இரண்டு விரற்கடை நகர்ந்ததுமே இழுப்புத் தெரிந்துவிடும். ஒவ்வொரு பக்கமும் முப்பது விநாடி.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மாவுக்கு, தாழ்ந்த பலகையில் கால்களை அகட்டி உட்கார்ந்தே பழகியதால், ஐந்தாம் படி முதல் நாளிலேயே எளிதாக வந்தது. ஆனால் இந்தப் படியில் பின்கால் தொடையின் முன்பக்கம் கொஞ்சமும் நீளவில்லை. உடலை நகர்த்தியபோதெல்லாம் கீழ்முதுகுதான் குழிந்தது. அவர் செய்யவேண்டியிருந்தது இதுதான், மற்றது அல்ல. உங்களுக்கு எந்தப் பாதி இறுகியிருக்கிறது என்பதைப் பார்த்து அதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

7. தரையில் புறா நிலை

மடித்த போர்வையையும் இரண்டு மணைகளையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். நிலைக்குப் போன பிறகு தேடினால், முறுக்கிய முட்டியோடு உடலைத் திருப்ப நேரிடும்.

பூனை நிலையிலிருந்து வலது முட்டியை முன்னால் கொண்டுவந்து, வலது மணிக்கட்டுக்குப் பின்னால், சற்று வெளிப்பக்கமாக வையுங்கள். வலது குதிகால் இடது தொடையிடுக்கை ஒட்டி இருக்கட்டும். படங்களில் முழங்காலின் கீழ்ப்பகுதி பாயின் முன்விளிம்புக்கு இணையாகக் கிடப்பதைப் பார்த்து, குதிகாலை முன்னால் தள்ளாதீர்கள். குதிகால் எவ்வளவு முன்னால் போகிறதோ அவ்வளவு கூடுதலாக இடுப்பு மூட்டு வெளிப்புறம் திரும்பியாக வேண்டும். சிலருடைய எலும்பின் அமைப்பிலேயே அந்த அளவு திருப்பம் கிடையாது. அது அவர்கள் குறையும் அல்ல, பயிற்சியால் மாறுவதும் அல்ல.

விரல்களை முட்டியை நோக்கி இழுத்துப் பிடித்தபின், இடது காலை மெதுவாகப் பின்னால் நீட்டுங்கள். முட்டிச் சில்லும் பாதத்தின் மேற்புறமும் தரையைப் பார்க்க வேண்டும். தலையைத் திருப்பி ஒரு முறை பாருங்கள்: கால் நேராகப் பின்னால் போகிறதா, வெளிப்பக்கம் விலகிக் கிடக்கிறதா?

இப்போது வலது பிட்டத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள இடைவெளியைப் போர்வையால் முழுமையாக நிரப்புங்கள். எடை போர்வையில் இறங்கி அமர வேண்டும். பிட்டம் அந்தரத்தில் நின்றால் உடல் அதைத் தாங்கிப் பிடிக்கத் தசைகளை இறுக்கிக்கொண்டே இருக்கும், அல்லது வலப்பக்கமாகச் சரிந்துவிடும். இரண்டு இடுப்பெலும்புகளும் ஒரே மட்டத்தில், முன்னால் பார்த்தபடி இருக்கின்றனவா என்று கைகளால் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் உயரம் போதவில்லை என்று பொருள். இன்னொரு மடிப்பு வையுங்கள். எவ்வளவு உயரம் வேண்டியிருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கைகளைப் பக்கத்துக்கு ஒன்றாக மணைகளில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி, ஐந்து மூச்சுகள் இருங்கள். மூச்சை விடும்போது பிட்டத்தின் இறுக்கத்தை விடுங்கள். உடலைக் கீழே தள்ள வேண்டாம்.

முட்டியில் ஏதேனும் தெரிந்தால் இந்த வரிசையில் திருத்துங்கள். முதலில் குதிகாலை இன்னும் உள்ளே இழுங்கள். அதிலும் போகவில்லையென்றால் பிட்டத்தின் கீழே உயரத்தைக் கூட்டுங்கள். அப்போதும் இருந்தால் வெளியே வந்து, அன்றைய பயிற்சியை ஐந்தாம் படியோடு முடித்துக்கொள்ளுங்கள்.

8. முன்னால் சாய்தல்

நிமிர்ந்த நிலை சில வாரம் வசதியாக இருந்த பிறகே இதற்கு வர வேண்டும், ஏனென்றால் முன்னால் சாயும்போது மேலுடலின் எடையும் முன்காலின் மேல் சேர்கிறது. தலையணையை முன்னால் நீளவாக்கில் வைத்து, தொப்புளை முதலில் முன்னால் கொண்டுபோவதாக எண்ணிச் சாயுங்கள். தலையை முதலில் கவிழ்த்தால் முதுகு வளையுமே தவிர இடுப்பில் இழுப்பு அதிகமாகாது. நெற்றி தரையைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. முழங்கைகளைத் தலையணையில் ஊன்றுவதே பலருக்குப் போதுமானது. முப்பது விநாடி முதல் ஒரு நிமிடம் வரை.

9. வெளியே வருதல்

முட்டியில் சுளுக்கு விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நிலை முடிந்துவிட்ட நிம்மதியில் கையை எடுத்துவிட்டு, எடை மேலே இருக்கும்போதே முன்காலை வெடுக்கென்று உருவுகிறார்கள்.

முதலில் கைகளை ஊன்றி நிமிருங்கள். வலது பிட்டத்தின் மேல் முழுமையாகச் சாய்ந்து உட்காருங்கள். அப்போது இடது காலின் எடை விடுபடும். அதைப் பக்கவாட்டில் சுற்றி முன்னால் கொண்டுவாருங்கள். பிறகு இரண்டு கைகளாலும் வலது முட்டியைத் தாங்கிக்கொண்டு காலை நீட்டுங்கள். மறுபக்கம் செய்வதற்கு முன் இரு கால்களையும் நீட்டி ஒரு நிமிடம் இருங்கள். இரண்டு பக்கமும் முடிந்ததும் மல்லாந்து படுத்து, முட்டிகளை மார்போடு அணைத்து, பிறகு சவாசனத்தில் சில நிமிடம் ஓய்வெடுங்கள்.

10. திரும்பத் திரும்பக் காணும் தவறுகள்

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது முதலாவது. உழைத்துப் பழகிய உடம்பு நம்மவர்களுடையது. வலியைத் தாங்குவதைப் பெருமையாக நினைக்கிறவர்கள் இங்கே அதிகம். மூச்சு அடைபட்டாலோ முகம் சுளித்தாலோ எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். பாதியளவு திரும்பி வாருங்கள்.

நிலையில் இருந்தபடி மேலும் கீழும் குதிப்பது இன்னொன்று. திடீரென இழுக்கப்படும் தசை தன்னைக் காத்துக்கொள்ளச் சுருங்கும் என்பதால், குதிக்கக் குதிக்க இறுக்கம் கூடவே செய்யும்.

நண்பரை முதுகில் அழுத்தச் சொல்வதை நான் அடியோடு எதிர்க்கிறேன். உங்கள் முட்டியில் என்ன நடக்கிறது என்பது அழுத்துகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. பயிற்றுநர் அழுத்த வந்தாலும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

11. வாரத்தில் எத்தனை நாள், எப்போது நிறுத்த வேண்டும்

வாரத்தில் மூன்று நாட்கள் இந்த வரிசையைச் செய்தால் போதும். நான்கு முதல் ஆறு வாரங்களில், சம்மணமிட்டு உட்காரும்போதும் வண்டியிலிருந்து இறங்கி நிமிரும்போதும் மாற்றம் தெரியத் தொடங்கும். நாள்தோறும் செய்ய விரும்புகிறவர்கள் மற்ற நாட்களில் நான்காம், ஐந்தாம் படிகளை மட்டும் செய்யலாம்.

பயிற்சிக்கு மறுநாள் பிட்டத்தில் லேசான சதைவலி இருப்பது இயல்பு. இரண்டு நாளில் போய்விடும். முட்டி வீங்குவது, மடக்கும்போது மாட்டிக்கொள்வது, படியிறங்கும்போது நழுவுவது போல் இருப்பது, உட்காரும் எலும்பின் மேல் குறிப்பாக ஒரு புள்ளியில் வலி தங்கிவிடுவது, பாதத்தில் மதமதப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரையோ ஃபிசியோதெரபி நிபுணரையோ பாருங்கள். எந்த நிலையில், எந்தப் பக்கத்தில், எந்த இடத்தில் வலித்தது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அதைக் கொண்டு அவர்களால் சோதனையை எங்கே தொடங்குவது என்று உடனே முடிவுசெய்ய முடியும்.